ரசீது கேட்கும் கனவான்கள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: விக்கிப்பீடியா. அதனால்தான் அந்த வட்டாரத்தில் அதற்கு மரியாதை கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் இங்கே கட்டணம் உண்டு. டாக்டரைப் பார்க்கக் கட்டணம், பார்க்கப் போனவர் வண்டியை நிறுத்தக் கட்டணம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கக் கட்டணம், அந்தப் பிள்ளை தமிழ் எழுதத் தெரியாமல் வளர்வதற்குத் தனிக் கட்டணம். பிருந்தாவன் ரோட்டிலிருந்து சாரதா காலேஜ் ரோடு வரைக்கும், அங்கிருந்து அஞ்சு ரோடு வரைக்கும் நடந்து பாருங்கள். மருத்துவமனை, நகைக்கடை, துணிக்கடை, பயிற்சி மையம், மறுபடியும் பயிற்சி மையம். நடுவில் பொது நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆட்டோக்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

இந்த ஊரின் கைப்பேசிகளில் ஆண்டுக்குச் சில வாரம் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வைக்கும் நன்கொடை வேண்டுகோள். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறோம், படிப்பவர்களில் 98 விழுக்காட்டினர் எதுவும் தருவதில்லை, நீங்களாவது தாருங்கள் என்கிற பாவனையில் இருக்கும். 2020-இல் இந்திய வாசகர்களிடம் வந்த வேண்டுகோளில் கேட்ட தொகை 150 ரூபாய். ஃபேர்லேண்ட்ஸ் ஏசி ஓட்டலில் ஒரு நெய் ரோஸ்ட்டும் காபியும் சாப்பிட்டு வரி கட்டினால் இந்தத் தொகையில் மீதி வராது.

அந்தப் பெட்டியின் மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். இந்த வட்டாரத்துக் கட்டை விரல்கள் அதைக் கண்டுபிடிக்கும் வேகத்தை ஒலிம்பிக்கில் சேர்த்தால் சேலத்துக்கு ஒரு தங்கம் நிச்சயம்.

சும்மா மூடிவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. காரணம் சொல்வார்கள். காரணம் சொல்லாமல் கஞ்சத்தனம் செய்வது படித்தவர்களுக்கு அழகில்லை அல்லவா?

"ஏனுங்க சார், அது ஃபிராடு மாதிரி இருக்குதுங்க, லிங்க்கைத் தொட்டுறாதீங்க" என்று அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை வரும். எச்சரித்தவர் அன்று காலைதான், வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் புற்றுநோய் வராது என்று நாசா சொன்னதாக அனுப்பியிருப்பார். இன்னொருவர் வரிக் கணக்கில் கெட்டி. "எய்ட்டி ஜி ரசீது கிடைக்குங்களா?" என்பார். கிடைக்காது. பணம் போவது அமெரிக்க அறக்கட்டளைக்கு. இந்திய வருமான வரியில் அதற்குக் கழிவு இல்லை. "அப்புறம் எதுக்குங்க குடுக்கணும்?" மூன்றாமவர் தேசபக்தர். "நம்ம காசு எதுக்கு சார் அமெரிக்காவுக்குப் போகணும்?" என்று அமெரிக்கக் கம்பெனி செய்த கைப்பேசியில், அமெரிக்கக் கம்பெனியின் செயலியில், அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கும் சேர்த்துத் தட்டச்சு செய்வார்.

இவர்கள் கொடுக்கவே தெரியாதவர்கள் இல்லை. ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மனுக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். அன்னதானத்துக்குக் கொடுப்பார்கள். ஃபிளெக்ஸ் பேனரில் கூப்பிய கையோடு நிற்கக் கொடுப்பார்கள். நாலு டியூப்லைட் வாங்கிக் கொடுத்து, வெளிச்சம் வரவேண்டிய இடம் முழுக்க 'உபயம்' என்று குடும்பத்தார் பெயரை எழுதிவைப்பார்கள். மின்விசிறி இறக்கையிலும் பெயர் உண்டு. அது சுற்றும்போது படிக்க முடியாது என்பதால் சிலர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படமெடுத்துக்கொள்வதும் உண்டு. விக்கிப்பீடியா செய்த பெரிய பிழை இதுதான். மேட்டூர் அணை பற்றிய கட்டுரையின் மேலே "இந்தப் பத்தி உபயம்: ஃபேர்லேண்ட்ஸ் தொழிலதிபர், மனைவி மக்களுடன்" என்று ஓரிடம் ஒதுக்கியிருந்தால் வசூல் அள்ளியிருக்கும்.

ரசீது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லவேண்டியிருக்கிறது. இதே கனவான்கள் பள்ளிக்கூட வாசலில் கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேட்டிருக்கிறார்களா? கல்வி நிலையங்கள் தலைக்கட்டணம் வாங்குவதைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததால் நேர்ந்த ஒரே மாற்றம், ரசீது நின்றுபோனது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார், இந்தப் பக்கம் இருப்பவர் தலையாட்டுவார், துண்டுச் சீட்டு கிழிபடும். வெளியே வந்ததும் அப்பா முகத்தில் பிள்ளைக்கு சீட் கிடைத்த பூரிப்பு. குழந்தைக்கு அன்று வயது மூன்றரை.

இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் சில்லறைச் சங்கதி இல்லை. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் நீட் பயிற்சி நடத்தும் ஒரு கல்விக் குழுமத்தில் வருமான வரித்துறை சோதனை போட்டது. கைப்பற்றிய ரொக்கம் 30 கோடி ரூபாய். அதில் பெரும் பகுதி பள்ளி வளாகத்து ஆடிட்டோரியத்தில் ஒரு பெட்டகத்தில் இருந்தது. கணக்கில் வராத வருமானம் 150 கோடிக்கு மேல் என்று துறை அறிவித்தது. அந்த முப்பது கோடியும் வானத்திலிருந்து கொட்டவில்லை. லாரி ஓட்டியும் கோழிப்பண்ணை வைத்தும் கொலுசு பட்டறையில் கண் கெட்டும் சம்பாதித்த அப்பாக்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. அறிவு வேண்டும் என்றால் இந்த மண்ணில் எவ்வளவு கொடுக்கவும் ஆள் உண்டு. ஒரே நிபந்தனை, அந்த அறிவு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடாது. எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுக்கு எவன் காசு கொடுப்பான்?

பள்ளிக்கூடம் விட்ட சாயங்காலம் ஃபேர்லேண்ட்ஸில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 'புராஜெக்ட்'. பிள்ளை டியூஷனில் இருக்கிறது. புராஜெக்ட் செய்பவர் அப்பா. விக்கிப்பீடியாப் பக்கத்தைக் கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கடைக்காரர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். கடைக்காரர் கணினியில் திறந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "சார், மேல என்னமோ டொனேட் பண்ணுங்கன்னு ஒரு பொட்டி இருக்குதுங்க, அதை வெட்டிரலாங்களா?" "ஆமாங்க, அது எதுக்கு, வெட்டிருங்க." வெட்டுகிறார். கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங், மேலே கண்ணாடி அட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு. ஜிபேயில் காசு போய்ச் சேர்ந்த ஓசை கேட்கிறது. அறிவை எழுதியவனுக்கு ஒன்றுமில்லை. அதன் தலையில் இருந்த வேண்டுகோளை வெட்டியவருக்குக் கூலி உண்டு. மறுநாள் அந்தப் புராஜெக்ட்டுக்குப் பத்துக்குப் பத்து விழும். போட்ட டீச்சரும் அடுத்த வாரம் பி.எட். அசைன்மென்ட்டோடு அதே கடைக்கு வருவார்.

இதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, பயிற்சி மையங்கள் விற்கும் 'ஸ்டடி மெட்டீரியல்'. டிஎன்பிஎஸ்சிக்கு ஒன்று, யுபிஎஸ்சிக்கு ஒன்று, போலீஸ் தேர்வுக்கு ஒன்று. சங்ககாலம், சோழர் நிர்வாகம், நீதிக்கட்சி என்று பத்தி பத்தியாக விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து, அடைப்புக்குறிக்குள் இருந்த சான்று எண்களைக்கூட அழிக்காமல் அச்சடித்தவை உண்டு. அங்கே ஒரு தன்னார்வலர் "சான்று தேவை" என்று நேர்மையாகப் போட்டுவைத்த குறிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். மாணவன் அதையும் மனப்பாடம் செய்வான், கேள்வியில் வந்தால் யார் கண்டது? பின்னட்டையில் மட்டும் சொந்தச் சரக்கு ஒரு வரி: "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை. நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்."

திருடினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். விக்கிப்பீடியாவின் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம். கேட்பது இரண்டே இரண்டு: எங்கிருந்து எடுத்தாய் என்று சொல், நீ ஆக்கியதையும் இதே உரிமையோடு பிறருக்கு விடு. சொல்வதற்குக் காசு செலவில்லை. வாய் செலவுகூட இல்லை, ஒரு வரி மை. அந்த ஒரு வரியைக் கொடுக்க மனம் வராதவர்கள்தான் வகுப்பில் 'அறம் செய விரும்பு' என்று தொடங்குகிறார்கள்.

ஃபேர்லேண்ட்ஸை இவ்வளவு திட்டியாயிற்று. இனி கையேந்துகிறவர் பக்கம் திரும்பலாம், அங்கேயும் கை சுத்தமில்லை.

அந்தப் பெட்டியைப் படிப்பவர்களுக்கு என்ன தோன்றும்? நாளை காலை கரண்ட் பில் கட்டப் பணமில்லாமல் விக்கிப்பீடியா இருட்டில் கிடக்கப் போகிறது என்று தோன்றும். உண்மைக் கணக்கு வேறு. விக்கிமீடியா அறக்கட்டளைக்கு 2023-24 நிதியாண்டில் வந்த வருமானம் சுமார் 18.5 கோடி டாலர், நம் பணத்தில் 1,500 கோடி ரூபாயைத் தாண்டும். இணையத்தில் தளத்தை ஏற்றி வைத்திருக்கும் செலவு என்று கணக்கில் தனியே காட்டியது ஏறத்தாழ 31 லட்சம் டாலர். சம்பளமும் சலுகைகளும் 10 கோடி டாலருக்கு மேல். கைவசம் இருந்த நிகரச் சொத்து சுமார் 27 கோடி டாலர். இது போகத் தனியாக ஒரு நிலைநிதி. அது 2021-லேயே 10 கோடி டாலரைத் தொட்டுவிட்டது.

சம்பளம் கொடுப்பது தப்பில்லை. பொறியாளர் இல்லாமல் எந்தத் தளமும் ஓடாது. வழக்கு வந்தால் வக்கீல் வேண்டும். 2024-இல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டதும், அந்த வழக்கைப் பற்றிய பக்கத்தையே நீக்கச் சொல்லி வந்த உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் காசில்லாமல் நடந்த காரியங்களா? தப்பு எங்கே என்றால், வசதியோடு இருப்பவர் வறியவர் வேடம் கட்டுவதில். "நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், இன்னும் நன்றாகச் செய்ய உதவுங்கள்" என்று கேட்டால் கொடுப்பவன் கொடுப்பான். கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டால்தான் வசூல் ஆகும் என்று கண்டுபிடித்த விளம்பர மூளை எந்த ஊருடையதாக இருந்தாலும் அது நம்ம ஊர் அரசியல் மேடையில் பிழைத்துக்கொள்ளும். இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2022 கடைசியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்களே கூடி, இந்த வேண்டுகோள் வாசகங்கள் படிப்பவரைத் தவறாக நினைக்க வைக்கின்றன என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சம்பளமில்லாமல் எழுதுகிறவர்கள், தங்கள் பெயரைச் சொல்லி நடக்கும் வசூலைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். வாசகங்கள் கொஞ்சம் அடக்கமாயின.

அதைவிடப் பெரிய கூத்து, யாரிடம் கேட்பது என்பதில் இருக்கிறது. இயந்திரங்களுக்கு அறிவு புகட்டும் கம்பெனிகள் இரவு பகலாக விக்கிப்பீடியாவைத் துழாவுகின்றன. அறக்கட்டளையே 2025 ஏப்ரலில் சொன்ன கணக்கு: 2024 ஜனவரியிலிருந்து படம், காணொளி இவற்றை இறக்கும் அலைவரிசைப் பயன்பாடு 50 விழுக்காடு கூடிவிட்டது; பக்கம் பார்ப்பதில் தானியங்கிகளின் பங்கு சுமார் 35 விழுக்காடுதான், ஆனால் மிகுந்த செலவு வைக்கும் வரத்தில் 65 விழுக்காடு அவற்றால் வருகிறது. பந்தியில் பாதியை டெம்போ கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போகிறவர்கள் உலகத்தின் பெருங்கோடீஸ்வரர்கள். மொய் நோட்டை நீட்டுவதோ கடைசி வரிசையில் ரசம் சாதம் பிசையும் ஓய்வூதியக்காரரிடம். பெரிய கம்பெனிகளுக்குக் கட்டணச் சேவை ஒன்றை 2021-இல் தொடங்கினார்கள், 2022-இல் கூகுள் முதல் வாடிக்கையாளராக வந்தது, அதெல்லாம் சரி. அங்கே ஒப்பந்தம், பேரம், கைகுலுக்கல். இங்கே மட்டும் கண்ணீர்.

ஆக, கொடுக்க மனமில்லாதவருக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா, அவங்ககிட்ட கோடி கோடியா இருக்குது, நான் குடுக்காதது சரிதான்." இந்த நியாயத்தைச் சொல்லும் வாயைத்தான் அடைக்கவேண்டியிருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் அறக்கட்டளையிடம் இருக்கும் பணம் அங்கேயே இருக்கட்டும். உங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தது யார்?

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை ஆரம்பத்தில் ஏறக்குறைய தனியாளாக நின்று நிமிர்த்தியவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், வளைகுடாவில் வேலை. வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. அவருக்குப் பின்னால் ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டினார்கள். ஆசிரியர்கள், பொறியாளர்கள், வீட்டு வேலை முடிந்தபின் உட்காரும் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள். கட்டுரைக்கு இவ்வளவு என்று ஒரு பைசா சம்பளம் கிடையாது. ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் மாதந்தோறும் தொடர்ந்து எழுதுகிறவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

அறிவுத் தொகுப்புக்குக் காசு கேட்டு அலைவது நம் ஊருக்குப் புதிதில்லை. சென்னைப் பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாக 'அபிதான சிந்தாமணி'யைத் தொகுத்துவிட்டு, அச்சிட வழியில்லாமல் ஆதரவு தேடித் திரிந்தார். கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்து 1910-இல் நூல் வந்தது. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்த கலைக்களஞ்சியம் 1954-இல் முதல் தொகுதி வந்து 1968-இல் பத்தாம் தொகுதியோடு முடிந்தது. தூரன் வேறு தேசத்தார் இல்லை, ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சி வட்டாரத்தவர், நம் கொங்குச் சீமைக்காரர். அவருடைய பத்துத் தொகுதிகள் ஃபேர்லேண்ட்ஸில் எத்தனை வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன? பீங்கான் யானைகளுக்கு இடம் போதாதபோது புத்தகத்துக்கு எங்கே போவது?

அன்று அறிவைத் தொகுக்க ஜமீன்தாரோ அரசாங்கமோ வேண்டியிருந்தது. காகிதம் வேண்டும், அச்சுக்கூடம் வேண்டும், பைண்டிங் வேண்டும். இன்று எழுதத் தெரிந்த கை மட்டும் போதும். அப்படியும் சேலத்து ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு எப்படி மாவாகிறது, செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைப்பது யார், பனமரத்துப்பட்டி ஏரி ஏன் வறண்டது, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் தொழில் எப்படி வேர் பிடித்தது என்றெல்லாம் சான்றோடு, விரிவாகத் தமிழில் எழுத இந்த மண்ணின் கல்லூரிகளுக்கு நேரமில்லை. முனைவர் பட்டங்களுக்குக் குறைவில்லை. அவை எல்லாம் கனமான அட்டையோடு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. எழுதியவரைத் தவிர யாரும் படித்துவிடக்கூடாது என்று பூட்டியும் இருக்கிறது.

சொல்லவேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன். விக்கிமீடியா அறக்கட்டளையே, வேண்டுகோள் பெட்டியில் உன் வரவு செலவை இரண்டு வரியில் போடு. அழுகை வேண்டாம், கணக்கு போதும். டெம்போ வைத்து அள்ளுகிறவர்களிடம் முதலில் கேள், ஓய்வூதியக்காரரிடம் அப்புறம் வா. பயிற்சி மைய முதலாளிகளே, எடுத்த இடத்தைச் சொல்லி ஒரு வரி அச்சிடுங்கள். இல்லையென்றால் பின்னட்டையில் இருக்கும் அந்த உரிமை வாசகத்தையாவது எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் படிக்கிற புத்தகம்.

ஃபேர்லேண்ட்ஸ் கனவான்களே, பணம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், அதற்காக உங்களை யாரும் கடன்காரர் என்று சொல்லமாட்டார்கள். கடன் வேறு இடத்தில் இருக்கிறது. இருபது வருடமாக எடுத்திருக்கிறீர்கள், உங்கள் பிள்ளை எடுத்திருக்கிறது, பிள்ளையின் டீச்சர் எடுத்திருக்கிறார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, உங்கள் தொழிலை, உங்கள் கிராமத்தை, உங்கள் ஏரியை, ஆதாரத்தோடு தமிழில் எழுதுங்கள். அல்லது பிழையாக இருக்கும் ஒரு வரியைத் திருத்துங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை தொடங்க விண்ணப்பக் கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. ஒரு பயனர் கணக்கும் ஒரு மணி நேரமும் போதும். அதையும் செய்யாதவர், 150 ரூபாய் கொடுக்காததற்குச் சொன்ன காரணம் எதுவும் செல்லாது.